வயிறு குலுங்கச் சிரித்தவர்

அத்தியாயம் ஒன்பது

"வயித்தைத் திறந்ததும் முதல்ல வெளிய வந்தது நாத்தம்தான்," என்றார் சர்ஜன் அம்மா, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. "கத்தியை வெச்சு உள்ளே போறேன், குபுக்குனு பச்சையா சீழ். ஒரு லிட்டராவது இருக்கும். பக்கத்துல நின்ன சிஸ்டர் ரெண்டு மாஸ்க் போட்டிருந்தாங்க. அப்படியும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்கன்னா பார்த்துக்குங்க."

மாப்பிள்ளை தன் கையிலிருந்த பிஸ்கட்டை ஓசைப்படாமல் தட்டில் திருப்பி வைத்தான்.

அவனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த அத்தை அதையும் எடுத்துக் கடித்தார். அவன் மனைவியைப் பெற்றவர் அவர். இருபத்தெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்து, ஓய்வு பெற்ற மறுவாரமே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். மாப்பிள்ளை அறிவிப்பாளனாக இருந்த வானொலி நிலையத்தை இழுத்து மூடிய பிறகு, அவனையும் கூடச் சேர்த்துக்கொண்டார். கார் ஓட்டுவது, படம் எடுப்பது, ஆட்களைப் பேச வைப்பது எல்லாம் அவன் பாடு. ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுவான் என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அத்தைக்குத் தெரிந்தது.

"குடல்வால்தானே டாக்டர்?" என்று கேட்டார் அத்தை.

"குடல்வால்தான். ஆனா வெடிச்சுப் பாதி நாள் ஆகியிருந்தது. வயிறு முழுக்கப் பரவிடுச்சு. நடுவுல கீறி, கழுவிக் கழுவி, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் ஊத்தினோம். சீழ் வடியறதுக்கு ஒரு குழாய் வெச்சுத் தைச்சேன். அஞ்சரைக்கு மேஜையில ஏத்தினது, இறக்கும்போது மணி எட்டு."

அந்த அஞ்சரையும் எட்டும்தான் அத்தையின் தலைவலி.

திங்கட்கிழமை மாலை ஆறரை மணிக்கு, ஊருக்கு வெளியே இருக்கும் கோழித் தீவன மில்லில் மக்காச்சோளம் கொட்டும் குழிக்குள் ஒருவர் விழுந்து மூச்சுமுட்டிச் செத்துப்போனார். மில்லின் இரண்டு கூட்டாளிகளில் ஒருவர் அவர். தவறி விழுந்தார் என்றது போலீஸ். தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று அவர் மனைவி அத்தையிடம் வந்து அழுதாள். தள்ளக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான். இன்னொரு கூட்டாளி. கோழிப்பண்ணையும் குஞ்சு பொரிக்கும் கூடமும் சொந்தமாக வைத்திருப்பதால் ஊரே அவரைப் 'பண்ணைக்காரர்' என்றுதான் கூப்பிடும். ஆனால் அந்த ஆறரை மணிக்குப் பண்ணைக்காரர் இந்த நர்ஸிங் ஹோமில், இந்த அம்மாளின் கத்திக்குக் கீழே மயங்கிக் கிடந்திருக்கிறார். பதிவேட்டில் அவர் பேர், அவர் அடையாள அட்டை, எல்லாம் இருந்தன.

"இதைவிடக் கெட்டியான சாட்சி கிடையாது அத்தை," என்று வரும் வழியிலேயே சொல்லியிருந்தான் மாப்பிள்ளை. "வீட்டைத் திறந்து போட்டுட்டு வெளிய போவாங்க. வயித்தைத் திறந்து போட்டுட்டு யாராவது போவாங்களா?"

"வலியில துடிச்சிருப்பாரு பாவம்," என்றார் அத்தை இப்போது, சர்ஜன் அம்மாளிடம்.

"துடிச்சாத்தான் பரவாயில்லையே! தரையில உருண்டு கத்தறவங்களைப் பார்த்து நான் பயப்படறதே இல்ல. அது பெரும்பாலும் கல்லு, இல்லேன்னா குடல் முறுக்கிப் பிடிக்கிற வலி. இந்த மாதிரி வெடிச்ச கேஸ், அசையவே அசையாது. மல்லாந்து, முழங்காலை மடக்கி, மூச்சைக்கூட மேலால விட்டுக்கிட்டுக் கிடப்பாங்க. கட்டிலை யாராவது இடிச்சாலே உயிர் போகும். கை வெச்சா வயிறு பலகை மாதிரி இருக்கும். இவர் அப்படித்தான் வந்தார்."

"முகம் ஞாபகம் இருக்கா?"

சர்ஜன் அம்மா சிரித்தார். "மூக்குல குழாய், பாதி முகத்துக்குப் பிளாஸ்திரி. அந்தக் கோலத்துல பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது. எனக்கு வயிறுதான் ஞாபகம் இருக்கும். செவ்வாய் காலையில பார்த்தேன், சுரம் குறையலை, ஊசி மருந்தை மாத்தி எழுதிட்டு வெளியூர் ஆபரேஷனுக்குக் கிளம்பிட்டேன். இப்பதான் வந்து இறங்கறேன். இன்னும் போய்ப் பார்க்கலை."

"யார் கொண்டு வந்து சேர்த்தது?"

"அவரோட டிரைவர் கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாராம். வார்டு ஆள் சொன்னான்."

அத்தை பிஸ்கட் தூளைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நாங்க போய் ஒரு நிமிஷம் பார்த்துட்டு வர்றோம் டாக்டர்."

மாடி வராந்தாவில் ஃபினாயில் நெடி மூக்கை அறுத்தது. அதற்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாடை, அழுகலும் புளிப்புமாக. மாப்பிள்ளை கைக்குட்டையைத் தேடினான். கடைசி அறை வாசலில் ஒல்லியாக ஒரு பெண் நின்றிருந்தாள். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிய வார்டு ஆள் ஒருவன், வாய் கட்டிய பிளாஸ்டிக் பை ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு, இவர்களைப் பார்த்ததும் விடுவிடென்று படியிறங்கினான். வாடை அந்தப் பையிலிருந்துதான் வந்தது.

"நீங்க யாரும்மா?" என்றார் அத்தை.

"முதலாளியோட டிரைவர் சம்சாரங்க. அழுக்குத் துணி எடுத்துட்டுப் போய்த் துவைச்சுத் தருவேன்."

"உங்க வீட்டுக்காரர் எங்கே?"

"லோடு ஏத்திக்கிட்டு வெளியூர் போயிருக்காருங்க." அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கிப் போய்விட்டாள். சட்டென்று வந்த பதில். ஆனால் பையைத்தான் பார்த்துச் சொன்னாள்.

அறைக்குள் பண்ணைக்காரர் கட்டிலில் சாய்ந்திருந்தார். கழுத்து வரை போர்வை. கையில் சலைன் ஊசி. மூக்கில் குழாயைக் காணோம்.

"வாங்க மேடம். போலீஸ்காரங்க நேத்தே வந்து கேட்டுட்டுப் போனாங்க. என் கூட்டாளி போனதுல நான் பாதி செத்துட்டேன். மீதிப் பாதியை இந்த வயித்துவலி தின்னுது." கண்ணை மூடி முனகினார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். "சார் யாரு? உதவியாளரா?"

"மாப்பிள்ளைங்க," என்றான் அவன். நோயாளியைச் சிரிக்க வைத்தால் நாக்கு இளகும் என்பது அவன் வானொலிக் காலத்து நம்பிக்கை. "எல்லா வீட்டுலயும் பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி பையனைப் பத்தி அக்கம்பக்கத்துல நாலு பேரைக் கேப்பாங்க. எங்க அத்தை ஒரு மாசம் என் பின்னாடியே நடந்து முப்பது பக்கம் ரிப்போர்ட் எழுதினாங்க. என் வீட்டுக்காரி பீரோவுல அது இன்னும் இருக்கு. போன வருஷம் திருட்டுத்தனமா எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் படிச்சேன்."

"என்ன எழுதியிருந்தாங்க?"

"'போதிய ஆதாரம் கிடைக்காததால், சந்தேகத்தின் பலனை அளித்துப் பெண்ணைக் கொடுக்கலாம்.'"

பண்ணைக்காரர் ஒரு விநாடி அவனைப் பார்த்தார். அப்புறம் வெடித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கட்டில் கிறீச்சிட்டது. சலைன் பாட்டில் கம்பியில் ஆடியது. "சந்தேகத்தின் பலன்! ஐயோ!" என்று கண்ணில் வந்த நீரைத் துடைக்க, கால்மாட்டில் கிடந்த துண்டை எட்டி எடுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளைக்குப் பூரித்துப்போயிற்று. வானொலியை விட்ட பிறகு இப்படி ஒரு சிரிப்பை அவன் கேட்கவே இல்லை.

"உடம்பைப் பார்த்துக்குங்க," என்று அத்தை மட்டும் சிரிக்காமல் எழுந்தார். கதவைச் சாத்திய பிறகு, வராந்தாவில் அவர் நடந்த வேகத்துக்கு அவன் ஓட வேண்டியிருந்தது.

"மாப்பிள்ளை, இந்த ஜோக்கை எவ்வளவு நாளா சொல்லிட்டிருக்கீங்க?"

"ஒரு வருஷமா அத்தை."

"யாராவது சிரிச்சிருக்காங்களா?"

"மனசுக்குள்ள சிரிச்சிருப்பாங்க."

"உங்க ஜோக்குக்கு நல்லா இருக்கிறவனே சிரிக்க மாட்டான். வயித்தை நடுவுல கீறித் தைச்சு மூணே நாள் ஆனவன் எப்படிச் சிரிச்சான்?"

மாப்பிள்ளைக்கு முதலில் கோபம் வந்தது. இரண்டாவதாகத்தான் விஷயம் புரிந்தது. வராந்தாவின் நடுவில் நின்றுவிட்டான்.

"எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கியிருக்கேன்," என்றார் அத்தை. "வயித்துல தையல் போட்டவங்களுக்கு ஒரு இருமல் வந்தாப் போதும், தலகாணியை வயித்துல அழுத்திக்கிட்டு அழுவாங்க. எழுந்து உட்காரணும்னா ஒருக்களிச்சு, கையை ஊனி, யாராவது தோளைத் தாங்கணும். இந்த ஆள் துண்டை எடுக்க நேரா எழுந்து உட்கார்ந்தார், காலையில தேகப்பயிற்சி பண்ற மாதிரி. வாங்க, டாக்டரைக் கூப்பிடுவோம்."

சர்ஜன் அம்மா அதிகம் கேட்கவில்லை. பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு மாடியேறினார்.

"டாக்டர், ரொம்ப வலிக்குது. அப்புறம் பாருங்களேன்," என்று போர்வையைப் பிடித்துக்கொண்டார் பண்ணைக்காரர்.

"நான் வெட்டின வயித்தை நான் பார்க்கக் கூடாதா?" போர்வை போனது. வயிற்றின் நடுவே அகலமாக ஒட்டியிருந்த வெள்ளைக் கட்டை, ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

கீழே கீறல் இல்லை. தையல் இல்லை. குழாய் இல்லை. பானை போன்ற, எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு முழு வயிறு இருந்தது. தொப்புளைச் சுற்றி முடிகூட அப்படியே இருந்தது. அறுக்கப்போகிற வயிற்றைச் சிரைக்காமல் எந்த ஆஸ்பத்திரியிலும் மேஜையில் ஏற்ற மாட்டார்கள்.

"இது என் வயிறு இல்ல," என்றார் சர்ஜன் அம்மா மெதுவாக.

"வக்கீல் வராம நான் எதுவும் பேச மாட்டேன்."

"நீ எதுவும் பேச வேண்டாம்யா! திங்கட்கிழமை நான் கீறின ஆள் எங்கே? அதை மட்டும் சொல்லு. அவன் வயித்துக்குள்ள என் குழாய் இருக்கு. ஊசி மருந்து நின்னு எத்தனை மணி நேரம் ஆச்சோ! சரியா வடியலைன்னா திரும்பச் சீழ் கட்டும். இன்னிக்குச் சாயந்திரத்தைத் தாண்ட மாட்டான்!"

பண்ணைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. அவர் உதடுகள் லேசாக அசைந்தன. சாயந்திரத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அந்த மனிதர் கணக்குப் போடுகிறார் என்பது மாப்பிள்ளைக்குப் புரிந்தபோது, மலம் மிதித்த காலை உதறுவது போல அவனுக்கு உடம்பு ஒருமுறை உதறியது.

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பிப் பறக்கும் சத்தம். சிஸ்டர் ஒருவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "நம்ம வார்டு ஆள்தான் போறான்," என்றார். டியூட்டி டாக்டரைப் பிடித்துக் கேட்டார்கள். "வார்டு ஆள் எழுதிக் குடுத்த சுரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். போர்வையை நான் விலக்கிப் பார்க்கலை," என்று அவர் தன் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

"போலீசைக் கூப்பிடுங்க டாக்டர். இவரை அறையை விட்டு அசைய விடாதீங்க," என்று சொல்லிவிட்டு அத்தை படியை நோக்கிப் போனார்.

அந்த ஒல்லிப் பெண் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. அத்தை அவள் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தார்.

"உன் வீட்டுக்காரர் லோடு ஏத்திக்கிட்டுப் போகலைம்மா."

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை.

"திங்கட்கிழமை வயித்துவலியில விழுந்தது யாருக்கு?"

"அம்மா, உங்க காலைப் பிடிக்கிறேன், முதலாளியை மாட்டி விட்டுடாதீங்க," என்று சட்டென்று அழுதுவிட்டாள். "அவர் எங்களுக்குத் தெய்வம் மாதிரி. இவர் வலியில சுருண்டு விழுந்ததும், அவரே கார்ல தூக்கிப் போட்டுக் கொண்டாந்து, தன் பேர்லயே சேர்த்தார். எங்களுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது, அவருக்கு இருக்கு. 'என் அட்டையில வைத்தியம் நடக்கட்டும்மா, உன் புருஷன் பிழைச்சாப் போதும்'னார். வெளிய தெரிஞ்சா ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போகணுமாம். அதனாலதான் பொய் சொன்னேன்."

"அந்த அறையில உன் வீட்டுக்காரரைக் கடைசியா எப்பப் பார்த்தே?"

"செவ்வாய்க்கிழமை. மறுநாள் வார்டு ஆள், 'கிருமி தொத்திக்கும், தனியறைக்கு மாத்திட்டோம், யாரும் பார்க்கக் கூடாது'ன்னான். நல்ல துணி குடுப்பேன், அழுக்குத் துணி எடுத்துக்குவேன்."

"அந்த அறையில இப்பப் படுத்திருக்கிறது உன் முதலாளி," என்றார் அத்தை. "அவர் வயித்துல ஒரு கீறல்கூட இல்ல. தனியறைன்னு இங்கே ஒண்ணும் கிடையாது. உன் புருஷனை எங்கேயோ கொண்டு போய் வெச்சிருக்காங்க. எங்கேன்னு தெரியலை. நேரமும் இல்ல."

அந்தப் பெண் கத்துவாள் என்று எதிர்பார்த்தான் மாப்பிள்ளை. அவள் கத்தவில்லை. பையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவிழாததால் பல்லால் கடித்து இழுத்தாள்.

"இது இன்னிக்குக் காலையில வந்தது. அவர் கட்டியிருந்த லுங்கி. பாருங்க, எதாவது தெரியுதா பாருங்க."

வாடை படிக்கட்டு முழுவதும் கவிந்தது. பழுப்பும் பச்சையுமாகக் காய்ந்து, அட்டை மாதிரி விறைத்த துணி. ஈரம் மிச்சமிருந்த இடத்தில் நூல் நூலாக இழைந்தது. அத்தை மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"மாப்பிள்ளை, உங்களுக்குத்தான் கண் நல்லாத் தெரியும்."

"இந்த ஒரு விஷயத்துல நான் குருடனாப் பிறந்திருக்கலாம் அத்தை," என்றபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். கண்ணில் நீர் வந்தது. சீழ் உலர்ந்த இடங்களில் எல்லாம் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

"பஞ்சுங்க அது," என்றாள் அவள். "நேத்துத் துணியிலயும் இருந்தது. மருந்து வெச்சுக் கட்டற பஞ்சுன்னு நினைச்சேன்."

"மஞ்சள் பஞ்சு எந்த ஆஸ்பத்திரியில வெச்சுக் கட்டறாங்க?" மாப்பிள்ளை நகக்கண்ணால் ஒன்றைக் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். குமட்டலோடு குமட்டலாக உற்றுப் பார்த்தான். "பஞ்சு இல்ல அத்தை. இதுக்கு நடுவுல மயிரிழை மாதிரி ஒரு தண்டு இருக்கு. இறகு. பிறந்த கோழிக்குஞ்சோட இறகு."

அத்தை அதற்குள் எழுந்து நின்றிருந்தார். "குஞ்சு பொரிக்கிற கூடம்! டாக்டர்! ஆம்புலன்ஸ்!"

கூடம் பதினைந்து நிமிஷத் தொலைவில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் காது அடைத்தது. தட்டுத் தட்டாக அடுக்கிய பெட்டிகளில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒரே குரலில் கீச்சிட்டன. வெக்கை முகத்தில் அடித்தது. மஞ்சள் துகள் காற்றில் மிதந்து கண் இமையில் உட்கார்ந்தது. குஞ்சுகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், "வேற அறை ஏதாவது இருக்கா?" என்று அத்தை கத்திக் கேட்டார்.

"பின்னாடி கழிவு அறைங்க! பொரிக்காத முட்டை போடுற இடம்! மருந்து அடிச்சிருக்காம், ரெண்டு நாளா அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்கார்!"

பூட்டு தொங்கியது. மாப்பிள்ளை ஒரு இரும்புக் கம்பியைக் கொடுத்து நெம்பினான். கதவு திறந்தது. மாப்பிள்ளை இரண்டு அடி பின்னால் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்டது அத்தனையும் வாந்தி எடுத்தான்.

வாளி வாளியாகக் கூமுட்டைகள். சில தாமாகவே வெடித்துப் பச்சைக் குழம்பாக வழிந்திருந்தன. தரை காலை விடவில்லை, ஒட்டியது. அந்த வாளிகளுக்குப் பின்னால், தீவனச் சாக்குகளை விரித்து, அவற்றின்மேல் ஒரு மனிதன் கிடந்தான். மல்லாந்து, முழங்காலை மடக்கி, அசையாமல். உடம்பு முழுவதும் மஞ்சள் இறகு. வயிறு முரசு போல உப்பியிருந்தது. கட்டு நனைந்து ஊறி ஈ மொய்த்தது. அதன் ஓரத்தில் தொங்கிய குழாயின் நுனியை யாரோ சணல் கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"ஒழுகக் கூடாதுன்னு கட்டியிருக்கான்," என்றார் சர்ஜன் அம்மா. முடிச்சை அவிழ்க்கக் குனிந்தார். "வடியறதுக்குன்னு வெச்ச குழாயை, ஒழுகுதுன்னு கட்டியிருக்கான் பாவி!"

அவர் கை வயிற்றில் பட்டதும் அந்த மனிதன் கண்ணைத் திறந்தான். கதறக்கூடத் தெம்பில்லை.

"கதவைச் சாத்துங்க," என்று முணுமுணுத்தான். "இன்ஷூரன்ஸ்காரங்க பார்த்துடப் போறாங்க. முதலாளிக்குக் கெட்ட பேர் வந்துடும்."

ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டைச் சிஸ்டரும் டிரைவரின் மனைவியும் பிடித்தார்கள். கால்மாட்டை மாப்பிள்ளை பிடித்தான். வாயைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டு வந்து அவன் பிடித்ததை அத்தை பார்த்தார்.

நர்ஸிங் ஹோமுக்குத் திரும்பியபோது இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். முந்தின நாள் பண்ணைக்காரரின் கட்டிலருகே உட்கார்ந்து வாக்குமூலம் எழுதியவர் அவரேதான் என்பதால், அத்தையின் கண்ணைத் தவிர்த்தார். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் காத்திருந்தபோது, இரண்டு போலீஸ்காரர்கள் பண்ணைக்காரரை அந்த வழியாகவே கூட்டி வந்தார்கள். அவர் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். கிடந்தவனைப் பார்த்தார். பிறகு அவன் மனைவியிடம் நிஜமான ஆதங்கத்தோடு சொன்னார்:

"நீயே சொல்லும்மா. என் பேரைக் குடுக்கலைன்னா அவன் திங்கட்கிழமையே செத்திருப்பானா இல்லையா? மூணு நாள் கூட இருந்திருக்கான்ல? அது யார் குடுத்தது?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதலாளியை அவ்வளவு நேராகப் பார்த்திருக்க மாட்டாள். காறி, அவர் காலடியில் துப்பினாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா மாப்பைக் கையில் பிடித்தபடி வந்தாள். "விடும்மா, நான் துடைச்சுக்கறேன்," என்றாள். ஆனால் உடனே துடைக்கவில்லை. பண்ணைக்காரர் அதைத் தாண்டி நடந்து போகும் வரை காத்திருந்தாள்.

இரண்டாவது ஆபரேஷன் மூன்று மணி நேரம் ஆயிற்று. சர்ஜன் அம்மா வெளியே வந்தபோது தொப்பியெல்லாம் நனைந்திருந்தது.

"இடுப்புக் குழியில மறுபடி சீழ் கட்டியிருந்தது. எல்லாத்தையும் கழுவிட்டேன். புதுக் குழாய் போட்டிருக்கேன். இனி குடல் கண் முழிக்கணும். காத்து பிரியற வரைக்கும் நான் எதுவும் உறுதியாச் சொல்ல மாட்டேன். அது வரைக்கும் யாரும் அவர்கிட்ட ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது."

"காத்துன்னா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீங்க பெரிய அதிகாரி மீட்டிங்ல அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்களே சார், அது," என்றான் மாப்பிள்ளை.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. தன் கேஸ் முழுவதும் இப்போது அந்த ஒரு குடலை நம்பி நிற்பது இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்திருந்தது. மில்லில் பண்ணைக்காரரைப் பார்த்ததாகச் சொல்ல ஆள் இல்லை. படுக்கையில் ஏமாற்றியதை ஒப்புக்கொள்கிறேன், மில் பக்கமே போகவில்லை என்று வக்கீலை வைத்துக்கொண்டு அவர் சாதித்தார். மணிக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டரின் போன் அத்தைக்கு வந்தது. எடுத்ததும் ஒரே கேள்விதான்: "பிரிஞ்சுதா?"

"இன்னும் இல்லைங்க," என்பார் அத்தை, நர்ஸிங் ஹோம் கேன்டீனில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்க.

சனிக்கிழமை முற்பகல், வராந்தா பெஞ்சில் அத்தை, மாப்பிள்ளை, இன்ஸ்பெக்டர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அறைக்கதவு படாரென்று திறந்தது. டிரைவரின் மனைவி முந்தானை தரையில் புரள ஓடி வந்தாள்.

"விட்டுட்டாரு! டாக்டரம்மா, விட்டுட்டாரு! எனக்கே கேட்டுச்சு!"

மாப்பிள்ளை பெஞ்சிலிருந்து துள்ளிக் குதித்தான். பக்கத்து அறையிலிருந்து வேறு யாரோ ஒரு நோயாளியின் அண்ணன் என்னவென்று எட்டிப் பார்க்க, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். சத்தம் கேட்டு வந்த சர்ஜன் அம்மா உள்ளே போய் ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் கேட்டார். பிறகு முகம் மலர்ந்தது.

"களகளன்னு ஓடுது. நல்ல சத்தம். ரெண்டு ஸ்பூன் தண்ணி குடுக்கலாம்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, பேனாவைத் திறந்தார். "திங்கட்கிழமை சாயந்திரம் என்ன நடந்தது, வரிசையாச் சொல்லுங்க."

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க சார்," என்றாள் அவள். "அவர் முதல்ல குடிக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் தள்ளி உட்கார்ந்தார். அவள் ஸ்பூனைப் பிடித்தாள். முதல் ஸ்பூன் உதட்டோரம் பாதி வழிந்தது. இரண்டாவது முழுதாக இறங்கியது. அவன் நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடியே பேசினான்.

"ஸ்ட்ரெச்சர்ல ஏத்தினாங்க சார். கார் சாவி என் சட்டைப் பையில இருந்தது. முதலாளியே கையை விட்டு எடுத்துக்கிட்டார். 'பயப்படாம உள்ளே போடா, நான் மில்லு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்'னு சொன்னார்."